பீட்ரூட் பாட்டிலுக்குப் பின்னால்

சிசெலைப் பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அப்படிப் பேசுகிறவர்கள் கிடையாது. "களைப்பு" என்றார்கள். கணவன் யெப்பே சொன்னான், மாமனார் தோர்கில் சொன்னார், குழந்தை நல நர்ஸும் போனில் அதையே சொன்னாள். மூன்று பேரும் ஒரே வார்த்தையை அத்தனை மென்மையாகச் சொன்னதுதான் அவளைப் பயமுறுத்தியது.

போன வாரம் நடந்தது இதுதான். ஏழு மாதக் குழந்தை ஆஸ்டா, தோட்டத்து ஆப்பிள் மரத்தடியில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்வென்போர் என்ற அந்தக் குளிர்நாட்டுத் துறைமுக ஊரில் குழந்தைகளின் பகல் தூக்கம் நவம்பரானாலும் வெளியில்தான். கம்பளி உடுப்பு, இறகுப் போர்வை, மேலே ஒரு வலை, அவ்வளவுதான். உள்ளே படுக்க வைத்தால்தான் குழந்தைக்கு என்ன உடம்பு என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். வண்டிக்குள் எழும் சத்தத்தைச் சமையலறைக்குக் கொண்டுவரும் பேபி மானிட்டரில் திடீரென்று ஒரு பெண் தாலாட்டை முணுமுணுக்கும் குரல் கேட்டது. சிசெல் செருப்பில்லாமல் ஓடிப்போய்ப் பார்த்தாள். வண்டியருகே யாரும் இல்லை.

வேறு வீட்டு மானிட்டரின் சத்தம் இதில் கலந்திருக்கும் என்றான் யெப்பே. தோர்கில் அந்தக் கருவியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இது இருக்கறவரைக்கும் உனக்கு நிம்மதி கிடையாதும்மா" என்று சொல்லித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். நர்ஸ் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடாயிற்று. அந்த ஏற்பாட்டைச் செய்தவரும் தோர்கில்தான்.

இன்று வியாழக்கிழமை.

காமிரா யெப்பேயின் யோசனை. படகுப் பட்டறையில் கூட வேலை செய்பவனிடம் பழைய காமிரா ஒன்றை வாங்கி வந்து, மாலைப் பள்ளியின் இணைய வகுப்பில் அவள் பெயரையும் சேர்த்துவிட்டான். வீட்டை விட்டு நகராமல், வீட்டில் கிடக்கும் சாமான்களை வைத்தே பழகுகிற பயிற்சிகள். முதல் வாரம் ஒரு கரண்டியும் அதன் நிழலும். இரண்டாவது வாரம் வெள்ளைத் தட்டில் வெள்ளை முட்டை. 'முட்டையைப் படம் பிடித்தால் மனசு சரியாகுமாக்கும்' என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது சிசெலுக்கு. ஆனால் அந்த முட்டையின் விளிம்பில் சாம்பல் நிறம் எங்கே தொடங்குகிறது என்று தேடிக்கொண்டிருந்த அரை மணி நேரம் அவள் பயப்படவே இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு கிடைத்த அந்த அரை மணி நேரத்துக்காகவே காமிராவை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

இந்த வாரப் பயிற்சிக்கு அபர்ச்சர். லென்சின் கண் எவ்வளவு திறக்கிறது என்பதுதான் பாடம். கண்ணை அகலத் திறந்தால் முன்னால் இருக்கும் பொருள் மட்டும் தெளியும், பின்னால் இருப்பதெல்லாம் குழம்பிக் கரையும். கண்ணைச் சுருக்கச் சுருக்கப் பின்னால் இருப்பதும் ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும். ஒரே பொருளை, ஒரே இடத்திலிருந்து, ஆறு படம் எடுக்க வேண்டும். கண்ணின் திறப்பைத் தவிர வேறு எதுவும் மாறக்கூடாது. ஆசிரியை அதை அழுத்தந்திருத்தமாகச் சொல்லியிருந்தாள்.

சிசெல் சமையலறை ஜன்னல் திண்டில் பீட்ரூட் ஊறுகாய் பாட்டிலை வைத்தாள். மேகம் மூடிய வானத்தின் வெளிச்சம் பாட்டிலுக்குள் புகுந்து சிவப்பை ஒளிர வைத்தது. பின்னணியில் தோட்டம், ஆப்பிள் மரம், குழந்தை வண்டி, அதற்கும் பின்னால் பழுப்பு இலைகள் உதிராமல் நிற்கும் உயிர்வேலி. வண்டியின் வாய் சமையலறையைப் பார்த்திருந்தது. குழந்தையின் முகம் தெரியட்டும் என்று அப்படி நிறுத்துவது அவள் வழக்கம்.

அந்த வண்டி தோர்கில் வீட்டுப் பரணில் இருந்து வந்தது. பெரிய சக்கரங்கள் வைத்த, கருநீல நிறத்துப் பழைய வண்டி. யெப்பேயும் அவன் அக்கா உல்ரிக்கேயும் அதில்தான் தூங்கி வளர்ந்தார்களாம். இந்த அக்காவை சிசெல் பார்த்ததே இல்லை. நார்வேயில் இருக்கிறாள் என்று கேள்வி. தம்பி கல்யாணத்துக்கு வரவில்லை, கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை அனுப்பியதில்லை. தோர்கில் வீட்டுச் சுவரில் செத்துப்போன நாயின் படம்கூட மாட்டியிருக்கிறது, அவளுடைய படம் இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "அவ அப்படித்தான்" என்று யெப்பே பேச்சை முடித்துவிட்டான்.

காமிராவை மூன்றுகால் ஸ்டாண்டில் பொருத்தி, சிசெல் குனிந்து திரையைப் பார்த்தாள். பாட்டிலின் லேபிளைப் பெரிதாக்கி, அதன் எழுத்துகள் தெளிகிற வரை லென்சைத் திருகினாள். முதல் படம். இரண்டாவது. மூன்றாவது முடிந்ததும் பேட்டரி செத்துவிட்டது. மாற்றுப் பேட்டரி மாடியில் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று தேடிப் பிடித்து எடுத்து வரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. திரும்பி வந்து குனிந்து, மீண்டும் லேபிளில் கண்ணை வைத்து, நான்காவது, ஐந்தாவது, ஆறாவது.

காமிராவில் ஒரு குணம் உண்டு. திரையில் பார்க்கிறபோது அதன் கண் அகலத் திறந்தே இருக்கும். பொத்தானை அமுக்கும் அந்தக் கணத்தில்தான் சுருங்கும். அதனால் ஆறு படத்துக்கும் திரையில் சிசெல் பார்த்தது ஒன்றேதான்: தெளிவான பாட்டில், பின்னால் குழம்பிய பழுப்பும் பச்சையும். எடுத்த படங்களையும் லேபிள் தெளிவாக வந்திருக்கிறதா என்று மட்டும் பெரிதாக்கிப் பார்த்தாள். வந்திருந்தது. தன் வேலை தனக்கே திருப்தியாக இருக்க, ஆறையும் அப்படியே வகுப்புப் பக்கத்தில் ஏற்றினாள். ஏற்றி முடிக்கவும் பின்கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

தோர்கில் உள்ளே வந்தார். இப்படிப் பகலில் அவர் வருவது புதிதல்ல. ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். அந்த வட்டாரத்து மாடுகளில் பாதி அவர் கைபட்டுப் பிறந்தவை. அகலமான, சூடான கைகள். செத்துப்போன மனைவி பின்னிக் கொடுத்த சிவப்புக் கம்பளித் தொப்பியை மழையானாலும் வெயிலானாலும் கழற்ற மாட்டார். இன்றும் பையில் கறுப்பு ரொட்டியும் ஈரல் விழுதும் கொண்டு வந்திருந்தார். அவரே தட்டெடுத்தார், அவரே ரொட்டியில் தடவினார், அவரே காபி போட்டார். மருமகளை உட்கார வைத்துப் பரிமாறுகிற மாமனார் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று சிசெலின் சிநேகிதிகள் பொறாமைப்படுவார்கள்.

காபியை அவள் முன்னால் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"பரவாயில்லையே. வண்டியைத் திருப்பி வச்சிருக்கே. காத்து மேற்கே மாறிடுச்சுன்னு கவனிச்சிருக்கே பாரு."

சிசெல் எழுந்து பார்த்தாள். வண்டியின் முதுகு சமையலறையைப் பார்த்திருந்தது. வாய் வேலிப் பக்கம்.

"நான் திருப்பலையே மாமா."

"நீதான் திருப்பியிருப்பே. வேற யாரு?"

"நான் வெளியவே போகலை. படம் எடுத்துட்டிருந்தேன்."

தோர்கில் அவளைப் பார்த்துச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, காய்ச்சல்காரியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. ராத்திரித் தூக்கம் இல்லாதவர்கள் செய்ததை மறப்பது சகஜம் என்றார். தன் மனைவியும் யெப்பே பிறந்த வருஷம் அடுப்பில் உருளைக்கிழங்கை வைத்துவிட்டு, வைக்கவே இல்லை என்று சாதித்தாளாம். எல்லா வீட்டிலும் நடப்பதுதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நாளைக்கு நர்ஸிடம் மறைக்காமல் சொன்னால் போதும் என்றார்.

சிசெல் வெளியே ஓடினாள். ஆஸ்டா மூக்கு நுனி சிவக்க நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். இறகுப் போர்வை கழுத்துவரை ஒழுங்காக இழுத்து விடப்பட்டிருந்தது. வண்டியின் பிரேக் போட்டிருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் அவளை உடைத்தது. யாரோ வந்திருந்தால் ஏதாவது கலைந்திருக்க வேண்டாமா? ஒரு தாய் செய்கிற மாதிரி இத்தனை பக்குவமாகச் செய்திருக்கிறது. அப்படியென்றால் செய்தது தாய்தான். தானே வந்து, தானே திருப்பி, தானே மறந்திருக்கிறோம். இனி வேறு எதை மறக்கப் போகிறோம்? பிரேக்கையா? குழந்தையையா? அவளுக்குத் தன் கைகளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பின்னாலேயே வந்த தோர்கில் அவள் தோளில் கை வைத்தார். ஆஸ்டாவை இன்று ராத்திரி தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றார். துறைமுகத்துக்கு இறங்குகிற தெருவின் கடைசியில்தானே வீடு, கூப்பிடு தூரம். பால் புட்டியும் பொடியும் அங்கேயே இருக்கிறது. சிசெல் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கி எழுந்தால் நாளைக்கு நர்ஸ் முன்னால் தெளிவாக உட்காரலாம்.

போன வாரமாக இருந்தால் முடியாது என்றிருப்பாள். அதற்கு முந்தின மாதம் அவர் கேட்டபோது அப்படித்தான் சொன்னாள். இன்று சரியென்று தலையை ஆட்டினாள்.

"சமத்து" என்றார் தோர்கில். பிரேக்கை எடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். வேலி இடைவெளியில் சிவப்புத் தொப்பி மறைகிற வரைக்கும் சிசெல் ஆப்பிள் மரத்தடியிலேயே நின்றாள். குழந்தை இல்லாத அந்த இடத்தில் நான்கு சக்கரங்களின் பள்ளம் மட்டும் புல்லில் பதிந்திருந்தது. அழுகை வந்தது. அழுதாள்.

தூக்கம் வரவில்லை. சோபாவில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீடுகளில் ஜன்னலுக்கு ஜன்னல் மெழுகுவத்தி ஏற்றிவிட்டார்கள். யெப்பே வேலை முடிந்து வந்து, வாசலில் பூட்ஸைக் கழற்றும் சத்தம் கேட்டபோதுதான் போனும் ஒலித்தது. வகுப்புப் பக்கத்தில் அவள் படங்களுக்கு ஒரு கருத்து வந்திருந்தது.

ப்ரெபென் எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற படகுக் கேப்டன், வகுப்பிலேயே வயதில் மூத்த மாணவர். வாரா வாரம் எல்லோர் படத்திலும் குற்றம் கண்டுபிடித்து எழுதாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. போன வாரம் சிசெலின் முட்டையில் ஒரு முடி ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

"பாட்டில் நல்லா வந்திருக்கும்மா. மூடி மேல விழுந்த வெளிச்சம் பிரமாதம். ஆனா பயிற்சி தப்பு. அபர்ச்சரைத் தவிர எதுவும் மாறக்கூடாதுன்னு டீச்சர் தலையில அடிச்சுக்காத குறையா சொன்னாங்க. உன் மூணாவது படத்துல வண்டி இந்தப் பக்கம் பாக்குது, நாலாவதுல அந்தப் பக்கம் பாக்குது. கடைசிப் படத்துல பின்னாடி ரெண்டு பேர் நின்னு பேசிட்டிருக்காங்க. அடுத்த தடவை வீட்டு ஆளுங்களைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."

சிசெல் இரண்டாம் தடவை படித்தாள். பிறகு காமிராவை எடுத்து மேஜையில் வைத்து, படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். இந்த முறை பாட்டிலைப் பார்க்கவில்லை.

முதல் படத்தில் பின்னால் எல்லாம் சேறு. இரண்டாவதிலும் அப்படித்தான், ஆனால் வேலியின் பழுப்பில் ஒரு கரும்பச்சைத் திட்டு ஒட்டியிருந்தது. மூன்றாவதில் அந்தத் திட்டு நீண்டு, ஒரு புதர் மாதிரி நின்றது. அந்த இடத்தில் புதர் கிடையாது. நான்காவதில் திட்டு வேலியை விட்டு உள்ளே வந்திருந்தது, வண்டி திரும்பியிருந்தது. ஐந்தாவதில் அது ஒரு பெண். கரும்பச்சைக் கோட்டு, நரைத்த கூந்தல், வண்டியின் கைப்பிடியில் ஒரு கை. முகம் முழுத் தெளிவில்லை. ஆனால் ஆள் ஆள்தான், புதர் இல்லை.

நான் பைத்தியம் இல்லை. முதலில் அவளுக்குத் தோன்றியது அதுதான். அந்த நிம்மதியில் உடம்பே ஒரு கணம் லேசானது. நான் எதையும் மறக்கவில்லை, நான் வண்டியைத் தொடவில்லை, அன்றைக்குக் கேட்டதும் பொய்யில்லை.

ப்ரெபென் இரண்டு பேர் என்றல்லவா எழுதியிருந்தார்? ஆறாவது படத்தைத் திறந்தாள். எல்லாவற்றிலும் கண் அதிகமாகச் சுருங்கிய படம் அது. ஆப்பிள் மரத்தின் கிளைகள்கூட எண்ணிவிடலாம் போலத் தெரிந்தன. வண்டிக்கு இந்தப் பக்கம் பச்சைக் கோட்டுக்காரி. அந்தப் பக்கம், ரொட்டிப் பை தொங்கும் கையை அவள் முன்னால் தடுப்பதைப் போல நீட்டிக்கொண்டு, ஒரு சிவப்புத் தொப்பி.

அவர் பார்த்திருக்கிறார். முகத்துக்கு முகம் நின்று பேசியிருக்கிறார். பேசி அனுப்பிவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, காபி போட்டுக் கொடுத்து, வண்டியைத் திருப்பியது நீதான் என்று சொல்லியிருக்கிறார்.

"யெப்பே, இங்க வா."

யெப்பே சாக்ஸோடு வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அவள் ஒன்றும் விளக்கவில்லை. ஐந்தாவது படத்தைக் காட்டினாள், ஆறாவதைக் காட்டினாள். யார் இது என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. பட்டறையில் வெயிலும் உப்பும் ஏறிச் சிவந்த முகம் அவனுக்கு. அது வெளுத்துப்போவதை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். அவன் நேராகப் போய்ப் பின்கதவைப் பூட்டினான். அந்தக் கதவுக்குச் சாவி இருப்பதே அன்றுதான் அவளுக்குத் தெரியும்.

"யாருன்னு உனக்குத் தெரியும்" என்றாள்.

"உல்ரிக்கே. இடது தோளைப் பாரு. அவ எப்பவும் அதை இறக்கித்தான் நிப்பா."

"உங்கப்பாவும் கூட நிக்கிறாரு. தெரியுதா? அதுக்கப்புறம் உள்ள வந்து, நான்தான் திருப்பிட்டு மறந்துட்டேன்னு சொன்னாரு. நானும் நம்பிட்டேன்."

அப்பாவுக்காகப் பேசுவான் என்றுதான் நினைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்பாவைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொல்ல விட்டதில்லை அவன். சண்டைக்குத் தயாராகவே நின்றாள். ஆனால் யெப்பே மாடிப்படியைப் பார்த்தான். பிறகு மூலையில் காலியாகக் கிடந்த விளையாட்டு விரிப்பைப் பார்த்தான்.

"ஆஸ்டா மேல தூங்குறாளா?"

"மாமா கூட்டிட்டுப் போயிருக்காரு. நான் தூங்கட்டும்னு. நான்தான் சரின்னு தலையாட்டினேன்."

அவன் போனை எடுத்து அப்பாவின் எண்ணை அழைத்தான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அறுந்தது. மறுபடி அழைத்தான். தோர்கில் போனை எடுக்காமல் விடுகிறவர் இல்லை. கன்று ஈனுகிற நேரத்தில் யாராவது கூப்பிடுவார்களோ என்று நாற்பது வருஷம் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிய மனிதர்.

"என்னடா பயமுறுத்துறே? அவருக்கு ஆஸ்டான்னா உசுரு."

"அன்னைக்கும் குழந்தை அப்பா கையிலதான் இருந்துது" என்றான் யெப்பே.

"எந்தக் குழந்தை?"

அவன் கார் சாவியை எடுத்தான். சாவி நழுவித் தரையில் விழுந்தது. எடுத்தான், மறுபடியும் விழுந்தது. சிசெல் அதைப் பொறுக்கிக்கொண்டு, கோட்டுகூட மாட்டாமல் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். இத்தனை மாதத்தில் தன் கை இவ்வளவு உறுதியாக இருந்து அவள் பார்த்ததில்லை.

துறைமுகத்துக்கு இறங்கும் சாலையில் கார் திரும்பிய பிறகுதான் யெப்பே வாய் திறந்தான். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"உல்ரிக்கேவோடது. பையன். அதுவும் இதே வண்டியிலதான் தூங்கிட்டிருந்துது. அன்னைக்கு அப்புறம் அது கிடைக்கவே இல்லை, உல்ரிக்கேதான் எங்கயோ விட்டுட்டு மறந்துட்டான்னு அப்பா சொன்னாரு."

தெருவின் இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு ஜன்னலில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. கடைசி வீட்டில் மட்டும் ஒரு வெளிச்சமும் இல்லை. அதன் வாசல் விளக்குக் கம்பத்தடியில், வாய் தெருவைப் பார்க்க, கருநீல வண்டி நின்றது. சிசெல் காரை நிறுத்தியும் நிறுத்தாமலும் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். வண்டிக்குள் போர்வை ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. குழந்தை இல்லை.